ஹெல்கா லேக்கில் யாருக்கும் தலை சுற்றவில்லை

எங்கோ தெற்கே ஒரு டாக்டர், தன் வீட்டு நாயின் நெஞ்சுத்துடிப்பைப் படமெடுத்து, மருந்துச் சோதனைக்காகத் தன்னிடம் வந்துகொண்டிருந்த அத்தனை பேரின் பெயரிலும் அதையே ஏற்றி அனுப்பிவிட்டாராம். மனிதர் கண்ணில் அது படவே இல்லையாம். கம்பெனி புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்தான் பிடித்ததாம். டுவெய்னுக்கு இதைச் சொன்னது அவன் மச்சினி. மச்சினிக்குச் சொன்னது விமானத்தில் பக்கத்து இருக்கையில் வந்த யாரோ. எந்த ஊர், எந்த டாக்டர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

"நாய் நல்லா இருக்கா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"நாய்க்கு என்ன, ராஜா மாதிரி இருக்கும். டாக்டருக்குத்தான் லைசென்ஸ் போச்சாம்," என்றான் டுவெய்ன் போனில். "சிரிக்காத மார்லிஸ். மிஷினே மோப்பம் பிடிக்குதுன்னா நமக்கு எதுக்குச் சம்பளம்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான்."

டுவெய்ன், மார்லிஸ் இருவருக்கும் ஒரே பிழைப்பு. புதுமருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போய், அங்கிருந்து வரும் விவரங்கள் உண்மைதானா, நோயாளிகள் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்த்து வரும் கண்காணிப்பு வேலை. அமெரிக்காவின் வடக்கே அவனுக்கு டகோட்டா பக்கம், அவளுக்கு மினசோட்டாவின் மேற்குப் பக்கம்.

சிரித்தபடியே போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். அந்த வாரத்துக்கு எந்தக் கிளினிக்கைப் பார்க்க வேண்டும் என்று மிஷின் வரிசைப்படுத்தியிருந்தது. முதல் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு. ஹெல்கா லேக் கிளினிக். சிரிப்பு அப்படியே நின்றது. ஹெல்கா லேக் என்றால் வெர்னா. அங்கே நோயாளிகளை விசாரிப்பதும், விசாரித்ததை எழுதி அனுப்புவதும் எல்லாம் வெர்னா ஒருத்திதான்.

மார்லிஸ் ஸ்டென்ருட் முதலில் நர்ஸாக இருந்தவள். இதய நோயாளிகள் வார்டில் வருடக்கணக்காக நின்று நின்று முழங்கால் போனபிறகு, உட்கார்ந்து செய்யும் வேலை என்று சொன்னதை நம்பி இதில் சேர்ந்தாள். உட்கார்ந்தாள்தான், பெரும்பாலும் காரில். அந்த நாளில் கண்காணிப்பு என்றால் கம்பெனிக்குப் போன ஒவ்வொரு எண்ணையும் டாக்டர் எழுதி வைத்ததோடு ஒத்துப் பார்ப்பது. இங்கே எடை இவ்வளவு, அங்கேயும் அவ்வளவுதானா? தேதி சரியா, கையெழுத்து சரியா? ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, பச்சை மை பேனாவால் டிக் போட்டபடி, ஜன்னல் இல்லாத பின்னறைகளில் ஒரு நாளைக் கழித்துவிட்டு மோட்டலுக்குப் போவாள். சொந்தத் தலையணை எப்போதும் காரின் பின்சீட்டில் இருக்கும். மோட்டல் தலையணைகளைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து உண்டு. அதை எழுதினால் மானநஷ்ட வழக்கு வரும்.

அவள் ஊரில் இல்லாத இரவுகளில் கணவன் கேலன் தானாகச் சமைக்கக் கற்றுக்கொண்டான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், மதியம் நிறைய நேரம் கிடைக்கும். பிறகு மிஷின் வந்தது. எல்லா எண்ணையும் எல்லா ஊரிலும் பார்க்க வேண்டாம், ஆபத்து எங்கே இருக்கும் என்று அது சொல்லும், அங்கே மட்டும் போனால் போதும் என்றார்கள். முதல் குளிர்காலம் முழுக்க மார்லிஸுக்குத் தூக்கம் சரியில்லை. தன்னை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்றே நினைத்தாள். அனுப்பத்தான் செய்தார்கள், இரவுச் சாப்பாட்டு வேளைக்கு. வேலை போகவில்லை, பயணம்தான் பாதியாகக் குறைந்தது. வீட்டில் இப்போது இருக்கும் ஒரே தகராறு அடுப்பு யாருடையது என்பது. தக்காளிச் செடியைத் தானே நட்டு, தானே பழமும் பறித்தது அவள் வாழ்க்கையில் அந்த வருடம்தான் முதல்தடவை. மிஷினை அவள் குறை சொல்வதில்லை. புகழ்வதும் இல்லை. "வித்தியாசமாத்தான் இருக்கு" என்பாள். அந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சர்ச் விருந்தில் புதுவிதப் பதார்த்தம் வைத்து, அதை யாரும் தொடாமல் திருப்பி எடுத்துப்போன எவரைக் கேட்டாலும் தெரியும்.

இமானி கூப்பிட்டாள். வட கரோலினாவில், டர்ஹமில், மிஷினைக் கவனித்துக்கொள்ளும் பெண். மார்லிஸின் மகள் வயது. நேரில் பார்த்ததில்லை. தெற்கத்தி மரியாதைப்படி, வயதில் மூத்தவளை மிஸ் போட்டுத்தான் கூப்பிடுவாள்.

"மிஸ் மார்லிஸ், காபி குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு. சுத்தி வளைக்காதம்மா. வெர்னா என்ன பண்ணிட்டா?"

"ஒண்ணும் பண்ணலைங்கறதுதான் பிரச்சன. மத்த எல்லா ஊர்லயும் இந்த இதய மாத்திர சாப்பிடறவங்களுக்கு ஏதாவது வருது. தலை சுத்துது, கால் வீங்குது, இருமல் வருது. மருந்தே இல்லாத வெறும் மாத்திர சாப்பிடறவங்களுக்குக் கூட வருது! ஹெல்கா லேக்ல மட்டும் யாருக்கும் தலையே சுத்தல."

"நாங்க கொஞ்சம் கெட்டியான ஆளுங்க."

"இருங்க, முடிக்கல. விசாரிச்சு எழுதற எடத்துல எல்லாருக்கும் ஒரே வாக்கியம். 'பரவாயில்லை, சொல்லும்படி ஒன்றுமில்லை.' எந்த மாசம் எடுத்தாலும் அதே. வெட்டி வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. பழைய சோதனைகள்ல நோயாளியப் பாக்காமலே உக்காந்த எடத்துல கத கட்டினவங்க இப்படித்தான் எழுதியிருக்காங்க. அதையெல்லாம் பாத்துப் படிச்சதுதானே இந்த மிஷின். இதப் பாத்ததும் கத்துது."

மார்லிஸ் திரையில் இருந்த சிவப்பை மறுபடி பார்த்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் மீட்டிங்," என்றாள் இமானி, குரலைக் கொஞ்சம் இறக்கி. "நீங்க போய்ப் பாத்துட்டு எனக்குச் சொல்லணும். வெர்னா கத கட்டறாங்கன்னா கிளினிக்கச் சோதனையிலேர்ந்து எடுத்துருவாங்க, அவங்க பேரும் மேலிடத்துக்குப் போயிரும். இல்லைன்னா, ஏன் இல்லைன்னு சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணும். நல்ல பொம்பளைங்கறத அங்க காரணமா எடுத்துக்க மாட்டாங்க."

"நல்ல பொம்பளைன்னு நான் சொல்லவே இல்லையே."

"சொல்ல வாயெடுத்தீங்க. இங்க வரைக்கும் கேட்டுது."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேலனிடம் சொன்னாள். அவன் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷை அவள் தட்டில் வைத்தபடி, "வெர்னாவா? அவ சர்ச் விருந்துல ஒரு ஸ்பூன் குறைஞ்சாக்கூட ஊரெல்லாம் போன் போட்டுக் கேக்கறவளாச்சே," என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா யாரும் யாரையும் முழுசாத் தெரிஞ்சுக்க முடியாது, பாத்துக்கோ," என்றான். அந்த இரண்டாவது வாக்கியம்தான் காலைவரை மார்லிஸோடு இருந்தது.

அக்டோபர் மாதம். சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடை. சாலை நெடுக லாரிகள், லாரிகளுக்குப் பின்னால் மண்கட்டிகள். ஹெல்கா லேக் போய்ச் சேரும்போது காரின் நிறமே மாறியிருந்தது. எதற்கு வருகிறாள் என்று மார்லிஸ் கிளம்பும் முன்பே போனில் சொல்லியிருந்தாள். வெர்னா வாசலுக்கே வந்து நின்றாள். ஆறடி உயரம், சிரித்தால் கண்ணாடி அதிரும். இன்று சிரிக்கவில்லை.

"வா. மேசையெல்லாம் துடைச்சு வச்சிருக்கேன். கைவிலங்கு கொண்டு வந்திருக்கியா?"

"கார்ல இருக்கு. முதல்ல காபி குடு."

"நான் கத கட்டறேன்னு சொல்லுதாமே உங்க மிஷின். எனக்குக் கத கட்டத் தெரிஞ்சா, எம் புருஷன்கிட்ட வீட்டுப் புதுச் சோபாவோட வெலயக் கொறச்சுச் சொல்லிக் கட்டியிருக்க மாட்டேனா?" என்றாள் வெர்னா. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ருபார்ப் கேக் துண்டுகள் வைத்த தட்டை மேசைமேல் சற்றுச் சத்தமாகவே வைத்தாள்.

மார்லிஸ் பின்னறையில் உட்கார்ந்தாள். பழக்கம் விடவில்லை, ஸ்கேலை எடுத்தாள். நோயாளிகள் வந்த நாட்கள் வாசல் கணினியில் பதிவாகியிருந்தன. ரத்தப் பரிசோதனைகள் வெளி லேபிலிருந்து வந்திருந்தன. ஒருவருடையது போல இன்னொருவருடையது இல்லை. திரும்பி வந்த மாத்திரைப் பட்டைகள் கசங்கி, ஒன்றில் காபிக் கறை, ஒன்றில் டிராக்டர் கிரீஸ். ஆட்கள் உண்மை, வந்தது உண்மை, மாத்திரை விழுங்கியதும் உண்மை. வெர்னா எதையும் உட்கார்ந்த இடத்தில் உருவாக்கவில்லை.

அது தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் கேள்வி அப்படியே இருந்தது. இத்தனை உண்மையான ஆட்களில், இத்தனை மாதத்தில், ஒருவருக்குக்கூடவா தலை சுற்றவில்லை? இமானிக்கு என்ன காரணம் சொல்வது? அந்த வாக்கியத்தை மறுபடி மறுபடி படித்தாள். பரவாயில்லை, சொல்லும்படி ஒன்றுமில்லை. போன தடவை வந்தபோதும் இதே வரியைத்தான் படித்துவிட்டுப் பச்சை டிக் போட்டுப் போயிருந்தாள். அப்போது உறுத்தவில்லை. இப்போதும், உண்மையைச் சொன்னால், அந்த வாக்கியத்தில் அவளுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அதுதான் விசித்திரமாக இருந்தது.

காபி ஊற்றிக்கொள்ள வெளியே வந்தாள். காத்திருக்கும் இடத்தின் மூலையில்தான் காபிக் குடுவை. அங்கே ஒரு விவசாயி தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசல் கதவு திறந்தது. இன்னொருவர் வந்தார். நெடிய ஆள், எழுபதைத் தாண்டியிருக்கும். வந்தவர் நேரே நடக்கவில்லை. ஒரு கை சுவரிலேயே இருந்தது. நாற்காலிக்கு வந்ததும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்று, பிறகு மெதுவாக இறங்கி உட்கார்ந்தார்.

"என்ன ஓரின், எப்படி இருக்க?" என்றார் தொப்பிக்காரர்.

"பரவால்ல."

"களஞ்சியத்துப் பக்கம் விழுந்தியாமே?"

"விழுந்தேன்னு சொல்ல முடியாது. நான் நின்ன எடத்துல தரை கொஞ்சம் சீக்கிரம் வந்துருச்சு."

"அடி?"

"இதவிட மோசமா இருந்திருக்கலாம்."

வெர்னா உள்ளிருந்து தலையை நீட்டினாள். "வாங்க ஓரின். எப்படி இருக்கீங்க? போன தடவைக்கு அப்புறம் ஏதாவது தொந்தரவு உண்டா?"

"பரவால்ல, வெர்னா. சொல்லும்படி ஒண்ணுமில்ல."

"நல்லது, நல்லது. உள்ள வாங்க."

மார்லிஸின் கையில் கோப்பை நிறைந்து வழிந்தது. சுட்டபிறகுதான் கையை எடுத்தாள்.

அவளுடைய அப்பா தோள் எலும்பு முறிந்த அன்று மாடு கறந்து முடித்துவிட்டு வந்து, அம்மாவிடம் இதே சொல்லைத்தான் சொன்னார். கேலனுக்குப் பித்தப்பை வெடிக்கும் நிலையில் இருந்தபோது ஆம்புலன்ஸ்காரனிடம் இதைத்தான் சொன்னான். அவளே பிரசவ வார்டில், பல்லைக் கடித்துக்கொண்டு, பரவால்ல என்றுதான் சொன்னாள். இந்தப் பக்கத்தில் ஒருவன் வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொன்னால் பாதிரியாரைக் கூப்பிடுகிற நேரம் வந்துவிட்டது என்று பொருள். வெர்னா கேட்டதைக் கேட்டாள், சொன்னதை எழுதினாள். ஒரு எழுத்து மாற்றவில்லை. வந்து பார்த்த மார்லிஸும் அதே மண்ணில் வளர்ந்தவள், ஆகவே டிக் போட்டாள். இங்கே பிறக்காத, யாருக்கும் மரியாதை காட்டத் தெரியாத ஒரு மிஷின்தான், இத்தனை பேருக்குப் பரவாயில்லையாக இருக்க முடியாதே என்று நினைத்தது.

வேகமாகப் போய் வெர்னாவைத் தாழ்வாரத்தில் பிடித்தாள்.

"டாக்டர் உள்ளதானே இருக்கார்? ஓரின அனுப்பறதுக்கு முன்னாடி அவர நின்ன நிலையில ரத்த அழுத்தம் பாக்கச் சொல்லு. அப்புறம் நீ இன்னொரு தடவ விசாரிக்கணும்."

"அதான் விசாரிச்சேனே. நீயே கேட்டுக்கிட்டு நின்ன."

"அவரு என்ன சொன்னாரு?"

"பரவால்லன்னாரு."

"வெர்னா. உங்க மாமனார் கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு என்ன சொன்னார்?"

"அடக் கடவுளே," என்றாள் வெர்னா. அப்படியே சுவரில் சாய்ந்தாள். "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க, மார்லிஸ். நான் அப்படியே எழுதினேன்."

"தெரியும். நானும் அப்படியே படிச்சேன்."

"அப்ப தலை சுத்துதா, கால் வீங்குதான்னு ஒவ்வொண்ணாக் கேட்டுடட்டா?"

"அது கூடாது. நீயே எடுத்துக் குடுத்தா, மரியாதைக்காக ஆமான்னுருவாங்க. நாமளே வாயில ஊட்டி விட்ட மாதிரி ஆயிரும். அவங்க வாயிலேர்ந்து வரணும்."

"அவங்க வாயிலேர்ந்தா? இந்த ஊர்லயா?" வெர்னா சிரித்துவிட்டாள், அன்று முதல்முறையாக. கண்ணாடி அதிர்ந்தது. பிறகு விரலால் உதட்டைத் தட்டிக்கொண்டு யோசித்தாள். யோசித்தது வெர்னாதான், மார்லிஸ் இல்லை. "இப்படிக் கேட்டா? இந்த மாசம் உங்க வேலைய வேற யாராவது செஞ்சு குடுத்தாங்களான்னு?"

மார்லிஸ் அவளையே பார்த்தாள். இந்த ஊரில் உடம்பைப் பற்றி எவனும் பேசமாட்டான். ஆனால் தன் வேலையை அடுத்தவன் செய்தால், அது அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும். அதைப்பற்றிக் கேட்டால் காரணம் சொல்லாமல் இருக்க மாட்டான். எந்த நோயின் பெயரும் அந்தக் கேள்வியில் இல்லை. டாக்டரிடம் சொன்னார்கள். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தனக்கே அந்தக் கேள்வி தோன்றாததற்காகக் காதைச் சொறிந்துகொண்டு, சரி, கேளுங்கள் என்றார்.

மார்லிஸ் பின்னறையில் காத்திருந்தாள். கண்காணிக்க வந்தவள் நோயாளியின் அறைக்குள் நுழைவதில்லை. ஒரு ருபார்ப் கேக் துண்டு தின்றாள். இன்னொன்றும் தின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் வெர்னாவின் குரல் கேட்டது. பிறகு ஓரினின் கனத்த குரல், சொல் புரியாமல், விட்டு விட்டு, பிறகு விடாமல் கேட்டது.

வெர்னா வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"இந்த வருஷம் பீட் லாரிய மருமகன் ஓட்டறானாம். நாப்பது வருஷத்துல வேற ஒருத்தன் கைல சாவியக் குடுத்ததில்ல அந்த மனுஷன். ஏன்னு கேட்டேன். 'ஏறும்போது ஒலகம் ஒரு பக்கமாச் சாயுது வெர்னா, அவ்வளவுதான்'னாரு. அவ்வளவுதானாம்! டாக்டர் நிக்க வச்சுப் பாத்தா அழுத்தம் சரசரன்னு எறங்குது. சோதனை விதியிலேயே இருக்காமே, மாத்திரைய ஒரு படி கொறைக்கச் சொல்லி. கொறைச்சாச்சு. ஏணி, லாரி ரெண்டும் இப்போதைக்குக் கிடையாதுன்னும் சொல்லியாச்சு."

"என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? பரவால்லன்னாரு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் வெர்னா மேசை விளிம்பில் உட்கார்ந்தாள். "மத்தவங்க எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி கேக்கணும் இல்ல? எல்லாரையும்."

"எல்லாரையும். நான் ஏன் கேக்கச் சொன்னேன்னும் எழுதி வைக்கிறேன்."

"அப்ப எம் பேரு?"

"நீ கேட்டத எழுதினவ. அதுல ஒரு மாத்தமும் இல்ல. கேள்விதான் ஊருக்குப் பொருந்தல. அத நான் இமானிகிட்ட சொல்லுவேன், அவ மீட்டிங்ல சொல்லுவா. இப்ப அவளுக்கு ஒரு காரணம் இருக்கு."

வெர்னா மூக்கை உறிஞ்சினாள். ஏப்ரனில் கைகளைத் துடைத்தாள், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும். "உங்க மிஷின் வித்தியாசமாத்தான் இருக்கு," என்றாள். ஆனால் இந்தத் தடவை அதில் அவ்வளவு விஷம் இல்லை.

சாயங்கால வெயில் சரிந்து தாழ்வாரத்தின் மஞ்சள் தரையில் விழுந்திருந்தது. மார்லிஸ் பையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஓரின் இன்னும் போகவில்லை. மேல்கோட்டைப் போட்டு, பொத்தான் மாட்டி, தொப்பியும் வைத்து, ஒரு கையால் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். அழைத்துப்போக வந்த மருமகன் வெளியே வண்டியில் எஞ்சினை அணைத்தே விட்டான்.

"சரி, அப்ப நான் கெளம்பறேன்," என்றார் ஓரின்.

"சரி ஓரின். பாத்துப் போங்க," என்றாள் வெர்னா.

"ஆமா. கெளம்பறேன்." கைப்பிடி திரும்பவில்லை. "வேலையப் பத்திக் கேட்டியே. இன்னொண்ணும் இருக்கு. பெரிசா ஒண்ணுமில்ல. காலுறைய எம் பொண்டாட்டிதான் மாட்டி விடறா."

"எப்பலேர்ந்து?"

"கோடைலேர்ந்து. கணுக்கால் கொஞ்சம் தடிச்சிருக்கு. காலுறைதான் சின்னதாப் போச்சுன்னு நெனச்சேன்."

வெர்னா ஏப்ரன் பையில் கையை விட்டுத் துழாவினாள். மார்லிஸ் தன் பச்சைப் பேனாவை அவள் கையில் வைத்தாள். வெர்னா சுவரில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தாள்.

"அப்புறம் ராத்திரில இருமல்," என்றார் ஓரின். அவர் முகத்தில் பாரம் இறக்கிவைத்தவனின் களை வந்துகொண்டிருந்தது. தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டார். "அதனாலதான் நான் கூடத்துச் சாய்வு நாற்காலில படுக்கறேன். அது பரவால்ல. நாய்க்குத்தான் எடம் போச்சுன்னு கோவம்."

மார்லிஸின் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். இமானி. டர்ஹமில் மீட்டிங் தொடங்கப்போகிறது. சொல்ல வேண்டியது அவளிடம் தயாராக இருந்தது, அது ஒரே வாக்கியத்தில் முடிகிற விஷயம். ஆனால் ஓரின் மறுபடி வாயெடுத்தார், வெர்னா காகிதத்தைத் திருப்பினாள், இந்த ஊரில் ஒருவன் இப்படி நின்று பேசுவது மறுபடி எப்போது நடக்குமோ. மார்லிஸ் போனை அதிரும் சத்தம் கேட்காதபடி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். அது கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"இன்னொண்ணு," என்றார் ஓரின்.